மூடி வைத்த வரிகள்

இப்படி உட்காருங்க தம்பி. அந்த மைக்கை மேசை மேலேயே வைத்துவிடுங்க. நாலு பேர் பார்க்கப் போகிற வீடியோ, அதனால் நல்ல தமிழிலேயே சொல்கிறேன். நடுவில் எங்க ஊர்ப் பேச்சு வந்துவிட்டால் வெட்டிவிடுங்க. வெட்ட முடியும்தானே? சரி.

பெயர் சங்கவி லோகநாதன். எம்.பி.ஏ., கோயம்புத்தூரில் படித்தேன். குமாரபாளையத்தில் எங்களுக்கு விசைத்தறிக்கூடம், இருபத்திநாலு தறி. லுங்கி, துண்டு. ஆரம்பித்தது மாமனார். வீட்டுக்காரர் சரக்கு விற்க வடக்கே போனால் பாதி மாதம் அங்கேதான். ஆபீஸ் என் பொறுப்பு. பொறுப்பு என்று யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டது. மாமாவுக்குப் பக்கவாதம் வந்து ஈரோட்டு ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார், இவர் ஊரில் இல்லை, பின்னே யார் பார்ப்பது?

எக்செல்லிலிருந்து உங்கள் சாஃப்ட்வேருக்கு எப்படி மாறினோம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதானே. சொல்கிறேன்.

முதலில் எங்கள் கணக்கு எப்படி இருந்தது தெரியுமா? அர்த்தநாரி என்று ஒருவர். மாமா காலத்துக் கணக்குப்பிள்ளை. யாரோ எக்செல் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அதோடு சரி. ஃபைலுக்கு அவர் வைத்திருந்த பெயரைக் கேளுங்க. ‘புதுசு’. அப்புறம் ‘புதுசு ரெண்டு’. அப்புறம் ‘கடைசி’. அதற்கப்புறம் ‘ரொம்பக் கடைசி’. இதில் எது உண்மையான கடைசி என்று கேட்டால், “அது அன்னன்னைக்கு மாறுமுங்க பாப்பா” என்றார். என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். எனக்கு முப்பத்துநாலு வயது.

அதிலே பெரிய பட்டியல் தறிக்காரர்களுடைய முன்பணம். உங்களுக்குச் சென்னை, தெரிந்திருக்காது. இங்கே தறி ஓட்ட ஆள் வர வேண்டும் என்றால் முதலில் கையில் பணம் கொடுக்க வேண்டும். ஐம்பதாயிரம், எழுபதாயிரம், குடும்பமாக வந்தால் லட்சம். வாராவாரம் கூலியில் கொஞ்சம் பிடித்துக்கொள்வோம். முழுதும் பிடிக்கிறதற்குள் ஒரு காதுகுத்து வரும், ஒரு காய்ச்சல் வரும், மறுபடி வாங்குவார்கள். அது தீராது. தீராத வரைக்கும் ஆள் நம்மை விட்டுப் போகமாட்டான். இதை வீடியோவில் போட வேண்டாம்.

சரி, கணக்கை ஏற்ற உட்கார்ந்தேன். உங்கள் ஆட்கள் மாதிரிக்கு ஒரு ஃபைல் அனுப்பினார்கள். பெயர், போன் நம்பர், தொடக்க நிலுவை. நம் எக்செல்லை அந்தப் பத்திகளுக்குள் ஒட்டி ஏற்ற வேண்டும். முதல் தடவை ஏற்றினேன், முக்கால்வாசி சிவப்பாகத் திரும்பி வந்தது. ஒரே போன் நம்பர் இரண்டு பேருக்கு இருக்கக் கூடாதாம். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் அர்த்தநாரி ‘பொண்டாட்டி கிட்ட கேட்கவும்’ என்று எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றாகத் தட்டித் திருத்தினேன். இரண்டாம் தடவை எல்லாம் பச்சை. ஆனால் ஒரு விஷயம் இடித்தது. திரையில் நான் எண்ணிப் பார்த்த பெயர்களைவிட உள்ளே போனது அதிகம்.

எம்.பி.ஏ. எதற்குப் படித்தேன்? பட்டியலின் ஓரத்தில் எண் இருக்கும் பாருங்க, அதைப் பார்த்தேன். பதினொன்றுக்கு அடுத்தது பதின்மூன்று. முப்பதுக்கு அடுத்தது முப்பத்துமூன்று. நடுவில் இருந்த வரிகளை மூடி வைத்திருக்கிறார். அழிக்கவில்லை, மூடி. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உள்ளே இருக்கும். எல்லாவற்றையும் தேர்வு செய்து திற என்று ஒரே அழுத்து. மழைக்கு அப்புறம் ஈசல் கிளம்புகிற மாதிரி வெளியே வந்தன. பதினேழு பெயர். எல்லாவற்றிலும் பாக்கி. பல வருஷமாக ஒரு ரூபாய் பிடிக்கவில்லை.

நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? திருட்டு என்றுதானே?

அர்த்தநாரியைக் கூப்பிட்டேன். ஒரு பெயரைக் காட்டி, “இது யாரு?” என்றேன். அவர் முகம் செத்துவிட்டது. “அது என்ற மச்சானுங்க” என்றார். அவருடைய மச்சான், இரண்டு வருஷம் இங்கே தறி ஓட்டிவிட்டு, பாக்கியைக் கொடுக்காமல் பவானியில் மினி பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிற ஆள். அந்த வரியை இவர் மூடிவிட்டார். அகப்பட்டுக்கொண்டாரா இல்லையா? மிச்சம் பதினாறு பேர் யார் என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “இது தப்புத்தானுங்க. அவங்க வேறைங்க. அவங்களைப் பத்தி ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க பாப்பா” என்றார். மாமாவோ அப்போது வாய் கோணிப் படுத்திருக்கிறார், தண்ணீர் கேட்பதற்கே கால்மணி நேரம் ஆகும். பேச முடியாதவரிடம் கேட்கச் சொல்கிறார் பாருங்க, தந்திரம். அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டேன். சோற்றுத் தூக்குப்போசியை மறந்து வைத்துவிட்டுப் போனார். ஆள் விட்டுக் கொடுத்தனுப்பினேன். நான் யாருக்கும் கெடுதல் நினைப்பவள் இல்லை.

உங்கள் சாஃப்ட்வேரில் எனக்கு ரொம்பப் பிடித்தது எது தெரியுமா? அந்த நினைவூட்டல். பாக்கி இருக்கிற ஒவ்வொருவருக்கும் காலை ஒன்பது மணிக்குத் தானாக மெசேஜ் போய்விடும். நாம் யாரையும் மூஞ்சிக்கு நேராகக் கேட்க வேண்டியதில்லை. கேட்பது எவ்வளவு சங்கடம்! ஒரு திங்கட்கிழமை அதை இயக்கிவிட்டேன். எல்லாப் பெயருக்கும், அந்தப் பதினாறுக்கும் சேர்த்து.

செவ்வாய்க்கிழமை காலையில் பாவாயி வந்தாள். எங்கள் கூடத்தில் தார் சுற்றுகிறவள். தார் என்றால், தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல் குச்சி. அதற்கு நூல் சுற்றித் தருகிற வேலை. அவள் புருஷன் மாதேஸ்வரன் நமக்குத் தறி ஓட்டியவர். நான் கல்யாணமாகி வருவதற்கு முந்தைய வருஷம் நெஞ்சுவலியில் தறி மேலேயே சாய்ந்து போய்விட்டார் என்று சொல்வார்கள். அப்போது மகளுக்கு ஆறு வயது. மாமாதான் பாவாயிக்குத் தார் சுற்றும் வேலை கொடுத்தாராம். பாக்கியைப் பற்றி யாரும் அவளிடம் பேசவில்லை. மாதேஸ்வரன் அந்தப் பதினாறில் ஒருவர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவள் உள்ளே வரவில்லை, வாசல்படியில் நின்றாள். “பாப்பாவுக்கு அவங்கப்பன் பேர்ல மெசேஜ் வந்துருக்குதுங்க” என்றாள். அந்த மகள், கோகிலவாணி, அப்பாவின் சிம்மைத் தூக்கிப் போடாமல் தன் போனில் இரண்டாவது சிம்மாகப் போட்டு வைத்திருக்கிறாள். மாதாமாதம் காசு போட்டு உயிரோடு வைத்திருக்கிறாள். எதற்கு? யாரும் கூப்பிடப் போவதில்லை. அதனால்தான் மெசேஜ் போய்ச் சேர்ந்தது. அன்புள்ள மாதேஸ்வரன், உங்கள் நிலுவை அறுபத்தெட்டாயிரம், விரைந்து செலுத்தவும்.

“ஐயா அன்னைக்குப் பொணத்துக்கிட்ட நின்னுக்கிட்டு, கணக்கை நெனைக்காத பாவாயின்னாருங்க. நான் அது தீந்துபோச்சுன்னு இருந்துட்டேன்” என்றாள்.

“தீரலை பாவாயி, மூடி வெச்சிருந்தாங்க” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

மடியிலிருந்து ஒரு மஞ்சள் பை எடுத்தாள். நாற்பதாயிரம். மகள் பன்னிரண்டாவது முடித்து நாமக்கல் பக்கம் ஒரு நர்சிங் காலேஜில் இடம் வாங்கியிருக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டிய பீஸ் அது. மகளிர் குழுவில் கடன் வாங்கி, தோட்டை விற்றுச் சேர்த்தது. எனக்கு இதெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். நான் கேட்கவில்லை. ‘பீஸைக் கட்டிக்கோ, அப்புறம் பார்க்கலாம்’ என்று சொல்ல வாயெடுத்தேன். நிஜமாகவே வாயெடுத்தேன். அதற்குள் அவள் பையை மேசையில் வைத்து, “ஐயா சீக்கா இருக்கறப்ப அவிய காசை வெச்சுக்கிட்டுப் புள்ளையைப் படிக்க வெச்சேன்னு பேரு வேண்டாமுங்க” என்று சொல்லிவிட்டாள். அவளாகக் கொடுத்தது. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ரசீது போட்டேன். உங்கள் சாஃப்ட்வேரில் எங்கள் முதல் வசூல் அதுதான். திரையில் வண்ணக் காகிதம் பறக்கிற மாதிரி ஒன்று வந்தது பாருங்க, ‘வாழ்த்துகள்’ என்று. பாவாயி கூட அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

புதன்கிழமை மாமாவை ஈரோட்டிலிருந்து கூட்டிவந்தோம். பேச்சு கொஞ்சம் திரும்பியிருந்தது. யார் போய்ச் சொன்னார்களோ, நாற்காலியோடு ஆபீசுக்குத் தள்ளிவரச் சொன்னார். திரையைக் காட்டச் சொன்னார். அந்தப் பதினாறு பெயரையும் படித்தார். படித்துவிட்டு, ஒவ்வொரு சொல்லாக, “அது… செத்தவங்க… கணக்கும்மா” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினாறு பேரும் செத்தவர்களாம். தறி ஓட்டுகிறவன் பாக்கியோடு செத்துவிட்டால், இழவு வீட்டிலிருந்து திரும்பி வந்ததும் மாமா அர்த்தநாரியிடம் சொல்வாராம், மூடிவிடு என்று. ஏன் அழித்துவிடவில்லை என்று கேட்டேன். “அழிச்சா… இருக்கறவன்… எனக்கும் அழின்னு கேப்பான். தொறந்து வெச்சா… அந்த வீட்ல போய்க் கேட்ட மாதிரி. அதனால… மூடறது” என்றார்.

இது ஒரு கணக்கு முறையா தம்பி? நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். “மாமா, இதுல செத்தவங்கன்னு ஒரு தலைப்பே இல்லை. செயல்படுறவங்க, செயல்படாதவங்க, ரெண்டுதான். பாக்கி இருந்தா செயல்படாதவங்கன்னு மாத்த விடாது. பூஜ்யம் ஆனாத்தான் விடும்.” நான் செய்த கட்டுப்பாடா அது? உங்கள் ஆட்கள் செய்தது. நல்ல கட்டுப்பாடு, குறை சொல்லவில்லை.

“அந்தப் புள்ள பீஸைக் குடுத்துரு” என்றார்.

கொடுக்கலாம். எந்தத் தலைப்பில் கொடுப்பது? வசூல் ஏறிவிட்டது, ரசீது போய்விட்டது. உங்கள் உதவி எண்ணுக்குக் கூடப் போன் செய்தேன். அந்தப் பெண் தேனாகப் பேசினாள். புகாருக்கு எண் கொடுத்தாள், மூன்று வேலை நாளில் பதில் வரும் என்றாள். வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மாமா பொறுக்கவில்லை. வியாழக்கிழமை நான் பேங்குக்குப் போன நேரம் பார்த்து, டிராயரைத் திறக்கச் சொல்லி நாற்பதாயிரத்தை எடுத்துப் பாவாயி கையில் கொடுத்துவிட்டார். மகனுக்கு எழுதிக் கொடுத்த கம்பெனி, மகன் டிராயர். வவுச்சர் கிடையாது. சாயங்காலம் இருப்பைச் சரிபார்க்கிறேன், நாற்பதாயிரம் உதைக்கிறது.

“என் கணக்குல எழுது” என்றார்.

“உங்க பேர்ல இப்பக் கணக்கே இல்லையே மாமா” என்றேன். அதுவும் உண்மைதான்.

பணம் வெளியே போனால் யாரோ வாங்கியதாகத்தான் அர்த்தம். யோசித்துப் பார்த்தேன். மாதேஸ்வரன் பெயரில் எழுத முடியாது, செத்தவர் புதிதாக முன்பணம் வாங்க மாட்டார். அந்த அளவு எனக்கும் மனச்சாட்சி இருக்கிறது. பாவாயிக்குப் போன் கிடையாது, நம்பர் இல்லாமல் பெயரை ஏற்காது. பணம் யாருக்காகப் போனதோ அவள் பெயரில்தானே எழுத வேண்டும்? கோகிலவாணி, மகளுடைய சொந்த நம்பர், முன்பணம் நாற்பதாயிரம். இருப்புச் சரியாகிவிட்டது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

மெசேஜ் போகும் என்று அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் என்ன, உள்ளதைத்தானே சொல்லப் போகிறது.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் காலேஜில் பீஸ் கட்டுகிற வரிசையில் நின்றிருக்கிறாள். ஒன்பது மணிக்கு வந்துவிட்டது. அன்புள்ள கோகிலவாணி, நீங்கள் முன்பணமாக இவ்வளவு பெற்றுள்ளீர்கள். அவளுக்கு முன்னால் நாலைந்து பேர்தானாம். கட்டிவிட்டு வந்திருக்கலாம். பஸ் ஏறித் திரும்பிவிட்டாள். மத்தியானம் நேராக இங்கே வந்து, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றாள். கோபமெல்லாம் இல்லை. பரீட்சையில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“அக்கா, நான் முன்பணம் வாங்குனேன்னு யாரு எழுதுனது?”

“நான்தான்மா. சும்மா ஒரு கணக்குக்கு.”

“நான் கையெழுத்துப் போடலியே.”

“இது ஆன்லைன்மா, கையெழுத்தெல்லாம் வேண்டியதில்லை.”

“எம்பேரை எடுத்துருங்க.”

“ஒரு வரவு செலவு ஏறுன பேரை எடுக்க முடியாது கண்ணு. பூஜ்யம் ஆக்கலாம், அவ்வளவுதான்.”

“ஆக்குங்க” என்று பையை வைத்தாள். அதே மஞ்சள் பை.

நான் அவளுக்குப் புத்தி சொன்னேன் தம்பி. இதை நீங்கள் கட்டாயம் போட வேண்டும். “எடுத்துட்டுப் போய்ப் பீஸைக் கட்டு. படிச்சு வேலைக்குப் போய் மெதுவாக் குடு. யாரு உன்னை நெருக்கறாங்க?” என்றேன். இதைவிட யார் சொல்வார்கள்?

“எங்கப்பாவும் மெதுவாத் தர்றேன்னுதான் வாங்குச்சு” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வயதுக்கு மீறின பேச்சு. பணத்தை எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. பூஜ்யம் ஆக்கினேன். அவள் திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனாள். அப்பா வரியில் மிச்சம் இருபத்தெட்டாயிரம் இருந்ததையும் பார்த்தாள்.

காலேஜ் இடம் அன்று சாயங்காலம் வேறு யாருக்கோ போய்விட்டதாம். இப்போது பெருந்துறைப் பக்கம் ஒரு மில்லில் வேலை, அங்கேயே ஹாஸ்டலில் இருக்கிறாளாம். குழுக் கடனை அவள்தான் கட்ட வேண்டும். மூன்று வேளைச் சாப்பாடு, டிவி எல்லாம் உண்டாம். நர்சிங் மட்டும் சும்மாவா, ராத்திரி பகல் நிற்க வேண்டும்.

ஆனால் அந்தப் பெண் போகும்போது கூடத்து வழியாகப் போனாள். என்ன சொன்னாளோ. ஒன்றும் சொல்லவில்லை, போனை மட்டும் காட்டினாள் என்கிறார்கள். அடுத்த வாரம் ஒருவன் வந்தான். “பாக்கி எவ்வளவுங்க்கா?” என்றான். அதுவரைக்கும் எந்தத் தறிக்காரனும் அப்படிக் கேட்டதில்லை. சொன்னேன். மறுநாள் வேறு ஒரு தறி முதலாளி வந்து மொத்தத்தையும் கட்டி அவனைக் கூட்டிப் போனார். இங்கே அது உண்டு, ஆளோடு சேர்த்துப் பாக்கியும் கைமாறும். அப்புறம் இன்னொருவன். அப்புறம் இரண்டு அண்ணன் தம்பி, குடும்பத்தோடு. “ஏன்ப்பா, கூலி பத்தலையா?” என்று ஒருவனைக் கேட்டேன். “கூலி எல்லாப் பக்கமும் ஒண்ணுதானுங்க்கா. எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க” என்றான். இது என்ன பதில்? எனக்கு இன்றுவரை புரியவில்லை.

செத்தவர்கள் வீட்டிலிருந்தும் வந்தார்கள். ஒரு கிழவி ஆட்டை விற்றுக் கொண்டுவந்து கட்டினாள். ஒருவர் திட்டிக்கொண்டே கட்டினார். அர்த்தநாரி கூட மச்சான் பாக்கியைத் தானே கட்டிவிட்டுப் போனார். ரசீதை வாங்கிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு தடவையும் திரையில் அந்த வண்ணக் காகிதம். இரண்டு மாதத்தில் பட்டியல் ஏறக்குறைய முழுக்கப் பச்சை. அதைப் பார்த்துத்தானே உங்கள் கம்பெனியில் எங்களைத் தேர்ந்தெடுத்தீர்கள்? நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வசூல், இதை நன்றாகப் பெரிய எழுத்தில் போடுங்க.

மாமா நன்றாக இருக்கிறார். என்னிடம் பேசுவதில்லை. பேச்சு இன்னும் முழுதாக வரவில்லை போல என்று இருந்தேன். பேரனிடம் மணிக்கணக்காகப் பேசுகிறார்.

என்ன கேட்டீர்கள்? சத்தமா? ஆமாம், எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள், தறிக்கூடத்துக்குள் இவ்வளவு தெளிவாகப் பேச முடிகிறதே என்று. போன மாதம் வந்திருந்தால் நாம் கத்தித்தான் பேசியிருக்க வேண்டும். உங்கள் ரெக்கார்டிங்குக்கு நல்லதாகப் போயிற்று. ஆள் வருவார்கள். புது ஆளுக்கு முன்பணம் கொடுத்தால் வருவார்கள், விளம்பரம் கூடக் கொடுத்திருக்கிறேன். எங்கள் பெயரைக் கேட்டதும் போனை வைத்துவிடுகிறார்கள், அதுதான் தெரியவில்லை.

இப்போது கேட்கிற அந்தக் கிறீச் சத்தம் பாவாயி. தார் சுற்றுகிறாள். தறியே ஓடாதபோது தார் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். ஆனால் மாதேஸ்வரன் வரியில் மிச்சம் இருக்கிறதே, அந்த ஒரு சதவீதம். அவளுக்காகக் கட்டிக் கூட்டிப்போக எந்த முதலாளியும் வரவில்லை, வயதாகிவிட்டது. வேலை கொடுத்தால்தானே கூலியில் பிடிக்க முடியும்? சுற்றியதையெல்லாம் கூடையில் அடுக்கி வைக்கிறாள். கூடை நிறைந்தால் பிரித்து மறுபடி சுற்றச் சொல்லியிருக்கிறேன், நூல் வீணாகாது.

போட்டோவா? எடுக்கலாம், வாங்க. தறி ஓடுகிற மாதிரி வேண்டுமென்றால் நாலு தறிக்குச் சுவிட்சைப் போட்டுவிடுகிறேன். பாவு நூல் ஏற்றாமல் வெறுமனே ஓடினாலும் போட்டோவில் தெரியாது. முன்னால் ஆள் நின்றால் நன்றாக இருக்கும் என்கிறீர்களா? பாவாயியை நிற்கச் சொல்கிறேன். சொன்னால் நிற்பாள்.